சாய்ந்து இறங்கிய பெட்டி

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டியும் நாச்சிமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும், கோயமுத்தூர் வரைக்கும் இப்படியே போய்விட்டால் நல்லது என்று பூங்கோதை நினைத்தாள், நினைத்த உடனே அந்த நினைப்புக்காகவும் கூசினாள். பின்சீட்டில் இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் அவர், நடுவில் அவளுடைய கைப்பை. ஓசூரில் காலையில் கழுத்தில் மாட்டிவிட்ட விருந்தினர் அட்டை இன்னும் கழுத்திலேயே தொங்கியது. திருப்பிக் கொடுக்க மறந்தாகிவிட்டது. அங்கிருந்து கிளம்பினால் போதும் என்று இருந்ததில் இருவருக்குமே அது ஞாபகம் வரவில்லை. அட்டையைக் கழற்றலாமா? கழற்றினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அவர் திரும்பிப் பார்ப்பார். கழற்றவில்லை. விரல்நுனியில் கருகின பிளாஸ்டிக் வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை, மூக்கைச் சொறிகிற சாக்கில் முகர்ந்து பார்த்தாள், இருந்தது. அவருக்கும் அந்த வாசனை வருமா? அவர் ஏன் அப்படிச் சொன்னார்? யாரும் கேட்கும் முன்னாலேயே, அந்தப் பெரிய மேஜையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "சார், என் தப்புத்தான் சார், நான்தான் சாய்ச்சு வெச்சுட்டேன்" என்று ஏன் சொன்னார்? அவளைக் காப்பாற்றத்தான். வேறு எதற்கு? பதினேழு வருஷமாக ஒரே ஆலையில், அவள் வரைவதை எல்லாம் முதலில் கையால் செய்து கொடுக்கிறவர். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார், பாவம் என்று தோன்றியிருக்கும். ஒரு மனிதர் தன் தலையைக் கொடுத்து நம்மைக் காப்பாற்றினால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ரொம்ப நன்றிங்கண்ணா, என் தப்பை உங்க தப்புன்னு சொன்னதுக்கு. வாயில் வைத்துப் பார்த்தாள். நாக்கு கசந்தது.

அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் அடிபடவில்லை. ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை வைக்க வேண்டும், அவ்வளவுதான் காட்ட வேண்டியிருந்தது. பேட்டரிப் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறவை. மேல்பெட்டியின் அடியில் செம்புப் பின்கள், கீழ்ப்பெட்டியின் தலையில் அவை போய் உட்காரும் துளைகள். ஒயர் கிடையாது, திருகு கிடையாது. தூக்கி வைத்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும், அந்தச் சேர்கிற இடம் மட்டும் அவளுடையது, அந்தக் கனெக்டர். மலையில் இருக்கிற சுகாதார நிலையங்களுக்குப் போகப்போகிற பெட்டிகள். கரண்ட் போனால் தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டி நின்றுவிடக் கூடாது, ஒரு பெட்டி தீர்ந்தால் அங்கே இருக்கிற நர்ஸே இன்னொன்றைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வார். ஓசூர்க்காரர்கள் முதல் கூட்டத்திலேயே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், யார் வைத்தாலும் சேர வேண்டும், எத்தனை தரம் எடுத்து வைத்தாலும் எதுவும் தேயக் கூடாது, உடையக் கூடாது. அவளும் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கீழ்ப்பெட்டியில் ஒரு சின்ன மின்விசிறியை மாட்டி ஓடவிட்டிருந்தார்கள். நாச்சிமுத்து மேல்பெட்டியைத் தூக்கி வைத்தார். டப் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது ஓரத்துப் பின் மடங்கிப் பக்கத்துப் பின்மேல் படுத்திருந்தது, சுற்றிலும் கருப்பு. கிருபாகரன், அந்தக் கம்பெனியின் மேலாளர், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அந்தப் பேனா மூடிய சத்தம். அப்புறம்தான் நாச்சிமுத்து சொன்னார், நான்தான் சாய்ச்சு வெச்சுட்டேன் என்று. அவள் பேசாமல் நின்றாள்.

பேசாமல் நின்றாளா? லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு தாண்டிப் போனது, கார் லேசாக ஆடி நிதானித்தது. பேசாமல் நிற்கவில்லை. பேசினாள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் கிருஷ்ணகிரியிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறாள், பெட்டி, பின், பொறி, பேனா என்று எல்லாவற்றையும் நினைக்கிறாள், அந்த இடம் வந்ததும் தாவிவிடுகிறாள். பேசினாள். "மெதுவா வைங்கன்னு சொன்னேன்ல, நாச்சிமுத்து?" என்று சொன்னாள். எல்லோர் முன்னாலும். சலிப்பாக, நாக்கை ஒருதரம் சொடுக்கிவிட்டு. மெதுவா வைங்க என்று அவள் சொல்லவேயில்லை, அது பொய். ஆனால் அந்தப் பொய்யைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாச்சிமுத்து என்றல்லவா சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாச்சிமுத்தண்ணா. அவள் கல்யாணத்துக்கு மண்டபத்தில் நின்று பந்தி கவனித்தவர். ஆலையில் முதலாளியைத் தவிர அத்தனை பேருக்கும் அவர் அண்ணா. அந்த அண்ணா அந்த இடத்தில் எங்கே போனது? வாயில் வந்து கரைந்துவிட்டதா, இல்லை அவளே தெரிந்து கழற்றிவிட்டாளா? நாலு கோட்டுக்காரர்கள் முன்னால் ஒரு ஆளை வேலைக்காரன் ஆக்குவதற்கு எவ்வளவு கொஞ்சம் போதும், பெயரின் பின்னால் இருக்கும் ஒரு சொல்லை எடுத்தால் போதும். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. அப்படிக் கோபமாகப் பார்த்திருந்தால் இந்த ரோட்டில் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. "ஆமாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து தரையில் தெறித்துக் கிடந்த பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். வழுக்கை விழ ஆரம்பித்திருந்த அவருடைய உச்சந்தலையைப் பார்த்தபடி அவள் நின்றாள். குனிந்து அவளும் பொறுக்கியிருக்கலாம். புடவை கட்டியிருந்தேன், குனிய வசதிப்படவில்லை என்று இப்போது ஒரு காரணம் வந்து நின்றது. சீ, போ என்று அதைத் துரத்தினாள்.

வெயில் அவள் பக்கத்து ஜன்னலில் விழுந்து முழங்கையைச் சுட்டது. நகர்ந்து உட்கார்ந்தால் அவர் பக்கம் போக வேண்டும். நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள், தோப்பு முடிந்தால் பாறை, பாறை முடிந்தால் ஓட்டல் பலகை. சாய்ந்திருக்கும். அவர் கை கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், அது நிஜம். ஆனால் யார் கைதான் சாயாது? சாயும் என்று தெரிந்துதானே அந்த இரண்டு வழிகாட்டிக் கம்பிகளை வைத்தாள். செம்புப் பின்களைவிட உயரமான இரண்டு எஃகுக் கம்பிகள், முனை கூம்பி, அவைதான் முதலில் கீழ்ப்பெட்டிக்குள் இறங்க வேண்டும். அவை இறங்கினால் பெட்டி நேராகிவிடும், நேரான பிறகுதான் பின்கள் துளைகளைத் தொடும். சமையலறையில் நிற்கும்போது தோன்றிய யோசனை அது. இட்லித் தட்டுகளை அடுக்கும்போது நடுவில் இருக்கிற கம்பி முதலில் ஓட்டையில் நுழைந்துவிடுகிறது, அப்புறம் தட்டு கோணலாகப் போக வழியே இல்லை, மாவு தளும்பாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு ஒரு கருத்தரங்கில் இட்லித் தட்டுப் படத்தையே திரையில் போட்டாள், எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். கைதட்டினது நிஜம். அப்புறம் ஓசூர்க்காரர்கள் பெட்டியின் உயரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். முடியாது, குறைத்தால் கம்பி குட்டையாகும், பின்னும் கம்பியும் ஒரே நேரத்தில் தொடும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் முதலாளி கனெக்டரைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து, "என்னம்மா இது, லொடலொடங்குது?" என்று கேட்டிருந்தார். கொஞ்சம் ஆட வேண்டும், சார், அசைந்து கொடுத்தால்தான் எதிர்ப்பக்கத்துத் துளையைத் தேடிப்போய்ச் சேரும் என்று சொல்ல வாயெடுத்தாள், பக்கத்தில் நின்ற இளவட்டங்கள் சிரிப்பது போலிருந்தது, காது சூடாகிவிட்டது. ஆடாதபடி நாலு திருகு போட்டு இறுக்கிக் கொடுத்துவிட்டாள். ஒருதரம் வாயை மூடிக்கொண்டவளுக்கு இரண்டாம் தரம் மூடுவது சுலபமாக இருந்தது. கம்பியையும் வெட்டிவிட்டாள். நேராக வைத்தால் சேர்ந்தது. நேராக வைத்தால் ஒவ்வொரு தரமும் அழகாகச் சேர்ந்தது.

தருமபுரி பலகை வந்தது, போனது. ஓட்டுநர் ரஃபீக் பாட்டு எதுவும் போடாமல் ஓட்டினார், அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கும். நேற்று சாயங்காலம் ஆலையில் பெட்டிகளைக் கட்டிவைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று அவளே மேல்பெட்டியைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டியூஷன் முடிந்ததா, குடை எடுத்துப்போனாயா என்று கேட்டுக்கொண்டே பெட்டியை இறக்கினாள். சத்தம் வேறு மாதிரி வந்தது. திருப்பிப் பார்த்தால் ஓரத்துப் பின் வளைந்திருந்தது. அதே ஓரம். அம்மா, கேக்குதா, அம்மா என்று மகள் கத்திக்கொண்டிருந்தாள். கேக்குது என்றாள். வளைந்த கனெக்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினாள், யாரிடமும் சொல்லவில்லை. போன் பேசிக்கொண்டே வைத்தால் இப்படித்தான், நாளைக்கு யார் போன் பேசிக்கொண்டே வைக்கப்போகிறார்கள்? இப்போது, இந்த வெயிலில், அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு நர்ஸ் வந்து நின்றாள். கரண்ட் போன அறை, வெளியே மழை, ஒரு கையில் டார்ச், வாசலில் குழந்தை அழுகிற சத்தம், பெட்டியை இடுப்பில் தாங்கி ஒரு பக்கமாகத் தூக்கி வைக்கிறாள். பொறி. பூங்கோதை கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். முன்சீட்டின் முதுகில் யாரோ நகத்தால் கீறிய கோடு இருந்தது, அதையே பார்த்தாள். அதற்கப்புறம் இன்னொன்றும் இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. வழக்கமாக வாடிக்கையாளர்கள் முன்னால் பெட்டியை வைத்துக் காட்டுவது அவள்தான், அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. இன்றைக்குக் காலையில் அந்த அறை வாசலில் நாச்சிமுத்துவே தயங்கிக்கொண்டு, "மேடம், இன்னைக்கும் நீங்களே வெச்சிருங்களேன்" என்றார். "கனமா இருக்குதுண்ணா, நீங்களே வைங்க" என்றாள். கனமா. கனமாகத்தான் இருந்தது. அந்தக் கனத்தை எத்தனை தரம் தூக்கியிருக்கிறாள். தன் கையால் வைக்கப் பயந்தாள், அதனால் அவர் கையில் கொடுத்தாள். இதில் இனி யோசிக்க எதுவும் இல்லை. யோசிக்க எதுவும் இல்லாவிட்டாலும் மனசு திரும்பவும் வாசலுக்குப் போய், கனமா இருக்குதுண்ணா, கனமா இருக்குதுண்ணா என்றது. அங்கே மட்டும் அண்ணா இருந்தது.

"மேடம்" என்றார் நாச்சிமுத்து.

இதோ கேட்கப்போகிறார். கேட்கட்டும். "சொல்லுங்கண்ணா."

"நான் வேலைய விட்டரலாம்னு இருக்கறனுங்க."

கோபம்தான், கோபித்துக்கொள்ளட்டும், அது நியாயம். நான் பேசினது தப்புண்ணா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய கையோ போல.

"கை முன்ன மாதிரி இல்லீங்க. கொஞ்ச நாளாவே. காப்பி டம்ளரப் புடிச்சா தளும்புது. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் வீட்ல சொல்லல. இங்கயும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்தேன். அதாங்க காலைல உங்களையே வெக்கச் சொன்னேன். இத்தன நாள் ஒரு வேலையும் எங்கையில கெட்டதில்லீங்க. இன்னைக்கு அத்தன பேரு முன்னால உங்க பேரையே கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க மேடம்."

பூங்கோதைக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு மெல்ல, காய்ச்சல் ஏறுவது போல உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அவர் அவளைக் காப்பாற்றவில்லை. நன்றி சொல்வதா வேண்டாமா, எப்படிச் சொல்வது என்று இத்தனை நேரம் புரட்டிக்கொண்டு வந்தாளே, அப்படி ஒன்று நடக்கவேயில்லை. அவர் நிஜமாகவே நம்பியிருக்கிறார். தன் கைதான் கெடுத்துவிட்டது என்று நம்பி, அதைத்தான் அந்த மேஜை முன்னால் சொன்னார், அதை நம்பித்தான் தரையில் குனிந்தார், நம்பியபடியே கிருஷ்ணகிரியிலிருந்து தன் கையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அவள் போட்ட அந்த ஒரு வாக்கியம் அவருக்கு அத்தாட்சியாகியிருக்கும். மேடமே சொல்லிவிட்டார், மெதுவாக வைக்கச் சொன்னாராம், நான்தான் கேட்காமல் விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த நேரத்தில், இத்தனைக்குப் பிறகும், அவளுக்குள் ஒரு குரல் வந்தது, சாதாரணமான குரல், காய்கறி வாங்குவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அவரே நம்புகிறாரே. வயதும் ஆகிவிட்டது, ஓய்வெடுத்தால் அவருக்கும் நல்லதுதான். அடுத்த வாரத்தில் கம்பியை நீட்டி, திருகுகளைத் தளர்த்தி, புதுக் கனெக்டர் செய்துகொள்ளலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு நேர்த்தியாக வந்து உட்கார்ந்தது அந்த யோசனை. அது தன்னுடையதுதானா என்று ஒரு கணம் அசந்துபோனாள். தன்னுடையதுதான். வேறு யார் இருக்கிறார்கள் இங்கே?

"அண்ணா, அது உங்க கை இல்ல."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க மேடம்."

"ஆறுதல் இல்லண்ணா. கம்பி குட்ட. உயரத்தக் குறைக்கச் சொன்னாங்கன்னு நான்தான் வெட்டிட்டேன். பெட்டி துளி சாஞ்சாலும் கம்பிக்கு முன்னால பின்னு போய் முட்டும். நேத்து நானே வெச்சேன், எனக்கும் வளஞ்சுது. அதே ஓரம்."

"நீங்க நேராத்தான் வெச்சீங்களா?"

"சாஞ்சுதான் வெச்சேன். யாரு வெச்சாலும் சாயும். சாஞ்சு வெச்சாலும் சேரணும், அதுக்குத்தான் நம்மளக் கூப்புட்டதே. டம்ளர் தளும்பறது வேற, அத டாக்டர்கிட்டப் போய்க் காட்டலாம், நானே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்குக் கெட்டது என்னால. உங்களால இல்ல."

அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், திரும்பவும் புறங்கையைப் பார்த்தார். "தம்பி, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றார் ரஃபீக்கிடம். ஒரு டீக்கடை முன்னால் கார் நின்றது. இறங்கிப் புளியமரத்தடிக்குப் போய் போனைக் காதில் வைத்தார். ஜன்னல் இறங்கியிருந்ததால் மனைவியிடம் அவர் பேசியது எல்லாம் கேட்டது. "தெய்வான, நாந்தான். மத்தியானம் சொன்னேன்ல, இனி வேலைக்குப் போகலன்னு, அது வேண்டாம். இல்ல, கையில ஒண்ணுமில்ல. அப்படியே இருந்தாலும் என்ன, பாத்துக்கலாம். நான் கெடுக்கல புள்ள. நான் கெடுக்கல." அவர் முதுகு குலுங்கியது. பூங்கோதை பார்வையை எடுத்துவிட்டாள். தன் போனை எடுத்து, மனசு மாறும் முன்னால், கிருபாகரனைக் கூப்பிட்டாள். வணக்கம் சார், காலையில் நடந்தது என் வடிவமைப்பில் இருக்கிற குறை, நாச்சிமுத்தண்ணா வைத்த விதத்தில் எந்தத் தப்பும் இல்லை, நான் அவரை அங்கே அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"தெரியும் மேடம்" என்றார் கிருபாகரன். "நீங்க போனதுக்கப்புறம், இங்க விட்டுட்டுப் போன இன்னொரு ஜோடிப் பெட்டிய எங்க பசங்க போட்டுப் பார்த்தாங்க. எங்களுக்கும் வளஞ்சுது. உயரத்தக் குறைக்கச் சொன்னது நாங்கதான், அது எங்க பக்கம். ஆனா முடியாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். அங்க நர்ஸம்மாதான் தூக்கி வெப்பாங்க, மேடம்." பிறகு, சரி செய்து கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

நாச்சிமுத்து மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தார். ரஃபீக்குக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. முகம் கழுவியிருந்தார், காலர் நனைந்திருந்தது. "சக்கர கம்மியாத்தான் போடச் சொன்னேன்" என்றார். அவள் எதிர்பார்த்தது இது இல்லை. சூடு ஆறும் முன்னால் குடித்தாள், நாக்கு பொசுங்கியது. கார் கிளம்பித் தொப்பூர்க் கணவாயில் இறங்க ஆரம்பித்தது. முன்னால் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போயின, பிரேக் தேயும் நெடி உள்ளே வந்தது. போன் பேசினதைச் சொன்னாள், அவர்களுக்கும் வளைந்ததாம் என்றாள். அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டார். வளைவு ஒன்றில் ரஃபீக் வேகத்தைக் குறைத்தார். நாச்சிமுத்துவின் முகத்தில் இருந்த தெளிவு மெல்ல வடிந்து, நெற்றியில் ஒரு சுருக்கம் விழுவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நேத்தே வளஞ்சுதுன்னீங்கல்ல" என்றார்.

"ஆமாங்கண்ணா."

"காலைல பெட்டிய எங்கையில குடுத்தப்பவும் தெரியும்."

இல்லை என்று சொல்ல ஒரு இடைவெளி இருந்தது. கனமாக இருந்தது என்று சொல்லவும் இருந்தது.

"தெரியும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். மலை முடிந்து சமவெளி வந்தது, ரோடு நேரானது, ரஃபீக் கண்ணாடிகளை ஏற்றினார். நாச்சிமுத்து திட்டவில்லை. சேலம் வந்துவிட்டது.